நாற்பத்தொரு பேர் விசாரித்தார்கள், ஒருவரும் வரவில்லை

சிறுதொழில் கேள்வி பதில். பதில் சொல்பவர், மலேசியாவின் பினாங்கில், தீவுக்கு எதிர்க்கரையான பிறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கேட்டரிங் சமையற்கூடம் நடத்தும் அக்கா.

கேள்வி: அக்கா, ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் அப்பா விட்டுச் சென்ற சாப்பாட்டுக் கடையை நடத்துகிறேன். தண்ணி கலக்க (டீ, காப்பி போட) ஒருவர், மேசைக்கு இருவர், ரொட்டி போட ஒருவர் என்று நான்கு பேர் வேண்டும். ஏஜெண்ட் ஒருவர் தலைக்கு ஒரு மாதச் சம்பளம் கேட்கிறார். கட்டுப்படியாகாது. முகநூலில் நானே விளம்பரம் போட்டேன். நாற்பத்தொரு பேர் புலனத்தில் (வாட்ஸ்அப்) விசாரித்தார்கள். ஏழு பேர் நாளைக்கே வருகிறேன் என்றார்கள். ஒருவரும் வரவில்லை. விளம்பரத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். செலவில்லாமல் ஆள் பிடிக்க வழி உண்டா?
வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: தம்பி, விளம்பரத்தைப் பார்த்தேன். சிவப்பு எழுத்தில் ‘உடனடி ஆள் தேவை! நல்ல சம்பளம்! சாப்பாடு இலவசம்! சுறுசுறுப்பானவர்கள் மட்டும்!’ பின்னால் வாழையிலைச் சாப்பாட்டுப் படம். இலையில் எத்தனை கறி என்று எண்ணிவிடலாம், சம்பளம் எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. கடை எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்கு வர வேண்டும், என்றைக்கு விடுமுறை, ஒன்றும் இல்லை. அந்த நாற்பத்தொரு பேரும் வேலைக்கு விண்ணப்பிக்கவில்லை தம்பி, நீங்கள் எழுதாமல் விட்டதை விசாரித்திருக்கிறார்கள். பதில் தெரிந்ததும் போய்விட்டார்கள்.

இதே தப்பை நான் செய்துவிட்டுத்தான் சொல்கிறேன். 2022இல், கோவிட் முடிந்து கல்யாணங்கள் மளமளவென்று வர ஆரம்பித்த நேரம். என்னிடம் ஐந்து பேர் குறைவு. ஒரு வேலைவாய்ப்பு இணையத்தளத்தில் பணம் கட்டி விளம்பரம் போட்டேன், முகநூலிலும் போட்டேன். சம்பளத்தைப் போட்டால் இருக்கிற ஆட்கள் பார்த்துவிட்டு எங்களுக்கும் ஏற்றிக் கொடு என்பார்களே என்று பயம். ‘பேசித் தீர்மானிக்கலாம்’ என்று எழுதினேன். அப்புறம் மூன்று நாள் போன் அடங்கவில்லை. அரிசி மூட்டை மேல் வைத்திருப்பேன், அது அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகரும். எடுத்துப் பார்த்தால் ‘பெர்மினாட்’ (விருப்பம் உண்டு), ‘மாசே அடா கோசோங்?’ (இன்னும் காலி இருக்கிறதா?), ‘பிஎம்’ (தனிச் செய்தி அனுப்புங்கள்), இல்லையென்றால் வெறும் கட்டைவிரல். ஒவ்வொருவருக்கும் ஒரே கதையைத் தட்டச்சு செய்து விரல் வலித்ததுதான் மிச்சம். நேரில் வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் காலை நாலரை என்று கேட்டதும் சிரித்துவிட்டுப் போனார்.

அடுத்த முறை எல்லாவற்றையும் எழுதினேன். விசாரித்தவர்கள் ஒன்பது பேர்தான். வந்தவர்கள் ஐந்து பேர். இருக்கிற ஆட்கள் கேட்டார்களா என்றால், கேட்டார்கள். இரண்டு பேருக்கு ஏற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. நியாயமாக அதற்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும், அது வேறு விஷயம்.

உங்கள் விளம்பரத்தை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘லிட்டில் இந்தியா, லெபு பாசார் பக்கம் உள்ள சாப்பாட்டுக் கடைக்குத் தண்ணி கலக்குபவர் ஒருவர் வேண்டும். மாதம் 1,800 வெள்ளி. காலை 6 முதல் பிற்பகல் 2 வரை, இடையில் அரை மணி நேரம் ஓய்வு. திங்கள் விடுமுறை. இபிஎஃப், சொக்சோ உண்டு. காலை, மதியச் சாப்பாடு கடையில். தமிழோ மலாயோ பேசினால் போதும். முன் அனுபவம் தேவையில்லை, சொல்லித் தருவோம்.’

இதையே மலாயிலும் எழுதி ‘ஜாவாத்தான் கோசோங்’ (வேலை காலி) என்று தலைப்புப் போட்டுத் தனியாகப் பதிவிடுங்கள். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் தமிழைப் படிக்காமல் கடந்துவிடுவார்கள், ஆனால் பேச்சில் குறை இருக்காது. படத்துக்குச் சாப்பாடு வேண்டாம். கடை வாசலைப் பிடித்துப் போடுங்கள், உங்கள் ஆட்கள் அதில் நிற்கட்டும். கேன்வா இலவசமாகவே போதும். நான்கு வேலையையும் ஒரே படத்தில் திணிக்காதீர்கள். ரொட்டி போடுபவர் தன்னைத் தண்ணி கலக்குபவரோடு சேர்த்துக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அது ஒரு கெத்து, மதிக்கத்தான் வேண்டும்.

மேலே போட்ட நேரத்தைக் கணக்குப் பார்த்தீர்களா? ஓய்வு போக ஏழரை மணி நேரம், ஆறு நாளுக்கு 45. 2023 ஜனவரியிலிருந்து சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான், முன்பிருந்த 48 இல்லை. அதற்கு மேல் நிறுத்தினால் கூடுதல் நேரக் கூலி. அப்பா காலத்து வழக்கம் வேறாக இருந்திருக்கும். சம்பளமும் அப்படித்தான், குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளிக்குக் குறைவாக விளம்பரத்தில் எழுதினால் சட்டத்தை மீறுகிறேன் என்று நீங்களே கையெழுத்துப் போட்டு ஊருக்குக் காட்டுவது போல. 1,800க்கு இபிஎஃப் என்கிற ஊழியர் சேமநிதியில் உங்கள் பங்கு 13 விழுக்காடு, அதாவது 234 வெள்ளி. சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்புக் காப்புறுதியும் வேலை காப்புறுதியும் சேர்ந்து இன்னும் முப்பது வெள்ளிக்குச் சற்று மேல். இந்தத் தொகையை வைத்துக்கொண்டு கணக்குப் போட்ட பிறகு விளம்பரத்துக்கு வாருங்கள்.

இலவசமாக எங்கே போடுவது? பினாங்கு வேலைவாய்ப்பு முகநூல் குழுக்கள், உங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) புலனக் குழு, கோயில் குழு. முகநூலில் வேலைக்கென்றே ஒரு பகுதி இருந்தது, 2022 பிப்ரவரியில் அமெரிக்கா, கனடா தவிர மற்ற நாடுகளில் எடுத்துவிட்டார்கள். அப்போது அது போய்விட்டது தெரியாமல் நான் ஒரு மாலை முழுக்கத் தேடினேன். சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளம் முதலாளிக்கும் இலவசம், ஆள் தேடுபவருக்கும் இலவசம். சாப்பாட்டுக் கடைக்கு அங்கிருந்து ஆள் குவியும் என்று சொல்ல மாட்டேன், எனக்கு ஒருவர் கிடைத்தார். ஆனால் நாளைக்கு அந்நியத் தொழிலாளருக்கு விண்ணப்பிக்க வேண்டி வந்தால் முதலில் அங்கே விளம்பரம் செய்திருக்க வேண்டும். கணக்கை இப்போதே திறந்து வையுங்கள்.

கொஞ்சம் காசு போட்டால் முகநூல் உங்கள் பதிவைத் தள்ளிவிடும். நாளுக்குப் பத்து வெள்ளி, நான்கு நாள் போதும். இங்கேதான் பினாங்குக்காரர்களுக்கு ஒரு வம்பு. கடையைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று வட்டம் போடச் சொல்லும். நான் பிறையில் உட்கார்ந்து பத்து கிலோமீட்டர் போட்டேன். வட்டத்துக்குக் கடல் தெரியாது. பாதிக் காசு நீரிணையைத் தாண்டி ஜார்ஜ்டவுனுக்குப் போய்விட்டது. அங்கிருந்து ஒரு பெண் ஆசையாகக் கூப்பிட்டார், ‘ஃபெரியில் வந்துவிடுவேன் அக்கா’ என்றார். காலை ஐந்து மணிக்கு எந்த ஃபெரி? நீங்கள் வட்டம் போட்டாலும் எதிர்க்கரைப் பட்டர்வொர்த் உள்ளே வந்து விழும். தேவையில்லாத இடத்தை விலக்கவும் அதே பக்கத்தில் வழி இருக்கிறது. ஆனால் ஒரேயடியாக விலக்கிவிடாதீர்கள். மோட்டார் வைத்திருப்பவருக்கு 2019 ஜனவரி முதல் இரண்டு பாலத்திலும் டோல் கிடையாது. பிறையிலிருந்தும் செபராங் ஜெயாவிலிருந்தும் விடியற்காலையில் பாலத்தைக் கடந்து வருகிறவர்கள் ஏராளம். ஆகவே முதல் கேள்வியே ‘எதில் வருவீர்கள்?’ என்று இருக்கட்டும்.

கேள்வி என்றதும் நினைவு வருகிறது. சொந்த எண்ணைக் கொடுக்காதீர்கள். கடைக்கு ஒரு சிம் வாங்கிப் புலனத்தின் வணிகச் செயலியைப் போடுங்கள், காசு இல்லை. அதில் பதிலை முன்கூட்டியே எழுதிச் சேமித்து வைத்து ஒரே தட்டில் அனுப்பலாம். வந்தவர்களுக்குக் ‘கூப்பிட வேண்டும்’, ‘வருகிறார்’, ‘வேண்டாம்’ என்று வண்ணச் சீட்டு ஒட்டலாம். நான் சேமித்து வைத்திருப்பது இவ்வளவுதான்: ‘வணக்கம். எங்கே இருக்கிறீர்கள், எதில் வருவீர்கள், எப்போது சேர முடியும்? குரல் பதிவில் சொல்லுங்கள்.’ எழுதச் சொல்வதில்லை. எழுத்து வராத நல்ல சமையல்காரர்களை எனக்குத் தெரியும். அரை நிமிடக் குரலில் ஆள் எப்படி என்று பாதி தெரிந்துவிடும். பத்துக் கடைக்கு ஒரே செய்தியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருப்பவர் குரல் பதிவு அனுப்ப மாட்டார், தானாகவே கழன்றுகொள்வார். ரொட்டி போடுபவரிடம் இருபது விநாடி வீடியோ கேளுங்கள். மாவை வீசுகிற வீச்சு பொய் சொல்லாது.

பதிலைத் தள்ளிப்போடாதீர்கள். கடை மூடி, குளித்து, சாப்பிட்டுவிட்டு இரவு பதினொன்றுக்குப் பார்த்தால் அதற்குள் அவரை வேறு கடைக்காரர் பேசி முடித்திருப்பார். வரச் சொன்னவரை முந்தின நாள் மாலை ஒரு தரம் கூப்பிட்டுப் பேசுங்கள். உங்கள் ஏழு பேரில் இரண்டு பேராவது அதற்கே வந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இனி நான் உண்மையில் நம்பும் வழி. உங்கள் கடையில் இப்போது எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? அவர்கள் கையிலும் போன் இருக்கிறது. என்னிடம் உள்ள பதினான்கு பேரில் ஒன்பது பேர் இன்னொருவர் புலன நிலைத்தகவலைப் பார்த்து வந்தவர்கள். இருபத்து நான்கு மணி நேரத்தில் மறைந்துவிடும் அந்த நிலைத்தகவலைப் பக்கத்து வீட்டு அம்மா பார்ப்பார், கூடப் படித்தவன் பார்ப்பான். பார்ப்பவருக்கு அந்தக் கடையில் சம்பளம் தேதி தவறாமல் வருகிறதா, முதலாளி கத்துவாரா என்று கேட்க ஆள் இருக்கிறது. கூட்டி வந்தவருக்கு நான் 150 வெள்ளி கொடுக்கிறேன். புதியவர் ஒரு மாதம் நிலைத்தால் 50, மூன்று மாதம் நிலைத்தால் மீதி 100. முன்பு முதல் நாளே கொடுத்தேன். ஒரு தம்பி வாரம் ஒருவரைக் கூட்டி வந்து நிறுத்தினான், அடுத்த வாரம் அவரைக் காணோம். அப்புறம்தான் பிரித்துக் கொடுக்கும் புத்தி வந்தது.

இப்போது என் சமையற்கூடத்தின் கழுவுமிடத்தை ஆள்கிற அம்மா அப்படித்தான் வந்தார். மரக்கறி நறுக்கும் பெண்ணின் மகள் போட்ட நிலைத்தகவல். காலை ஐந்தே கால், மழை. மோட்டாரை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றாமலே உள்ளே எட்டிப் பார்த்தார். நான் சாம்பாருக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன், கையைக் காட்டி உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. தொட்டிப் பக்கம் போனார். வடிகாலில் முந்தின இரவுச் சோறு அடைத்துத் தண்ணீர் தேங்கி நின்றது. விரலை விட்டுச் சோற்றை வழித்தெடுத்துக் குப்பையில் போட்டார், தண்ணீர் முழுக்க இறங்கும் வரை பொறுத்தார், அதற்குப் பிறகுதான் குழாயைத் திறந்து கையைக் கழுவினார். நேர்காணல் அவ்வளவுதான். இதை எந்தப் படிவமும் எனக்குச் சொல்லியிருக்காது. அதனால்தான் யாரையும் ஒரு நாள் வேலை பார்க்கச் சொல்கிறேன், அந்த நாளுக்குக் கூலியும் கையில் கொடுக்கிறேன். வேலை வாங்கிவிட்டுச் ‘சோதனைதானே’ என்று வெறுங்கையோடு அனுப்புகிற கடைகளின் பெயர் அதே புலனக் குழுக்களில் சுற்றுகிறது, தெரியுமா?

கணக்கு கேட்பீர்கள். கடைசியாக ஒருவரைச் சேர்த்தபோது முகநூலுக்கு 40 வெள்ளி, சோதனை நாளுக்கு மூன்று பேருக்குத் தலா 70 ஆக 210, கூட்டி வந்தவருக்கு 150. ஆக 400 வெள்ளி. இலவசம் இல்லை. ஏஜெண்ட் கேட்டதில் கால் பங்குக்கும் குறைவு.

கேள்வி: பட்டர்வொர்த்தில் தையற்கடை வைத்திருக்கிறேன். கூகுள் படிவம் ஒன்று தயாரித்து ஐசியின் (அடையாள அட்டை) இரு பக்கப் படம், வங்கிக் கணக்கு எண், முழு முகவரி, குடும்ப விவரம் எல்லாம் கேட்கிறேன். பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். படிவத்தை எப்படிச் சுலபமாக்குவது?
வாசகி, பட்டர்வொர்த்

பதில்: நானாக இருந்தாலும் விட்டுவிடுவேன் அம்மா. வீடியோவுக்கு லைக் போட்டால் காசு, வீட்டிலிருந்தே நாளுக்கு 300 வெள்ளி என்று சொல்லி எத்தனை பேரை மொட்டையடித்துவிட்டார்கள். அடிபட்டவர் ஐசி படம் கேட்டாலே மோசடி என்றுதான் நினைப்பார். நினைப்பதில் தப்பும் இல்லை.

வேலைக்கு எடுப்பதற்கு முன் உங்களுக்கு ஐசி எதற்கு? பெயர், தொலைபேசி, எந்தப் பகுதி, என்ன தைக்கத் தெரியும். நான்கு கேள்வி போதும். ரவிக்கை தைப்பவரா, மலாய் உடையான பாஜூ கூரோங் தைப்பவரா என்று கேளுங்கள், தைத்ததில் ஒரு படம் கேளுங்கள். ஐசியும் வங்கி எண்ணும் அவர் சேர்ந்த அன்றைக்கு நேரில். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகத்துக்காகத் தகவல் திரட்டுகிறவர்களைக் கட்டுப்படுத்துகிறது. தேவைக்கு மேல் வாங்காதே, வாங்கியதைப் பத்திரமாக வை, வேலை முடிந்ததும் அழி என்பதுதான் அதன் சாரம். இதுவரை சேர்ந்த படங்களை இன்றே அழித்துவிடுங்கள். அந்தப் படிவத்தின் விடைத்தாளைப் பார்க்கும் அனுமதி வேறு யாருக்கெல்லாம் கொடுத்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். முன்பு வேலை பார்த்துப் போன பெண் இன்னும் அதில் இருக்கலாம்.

விளம்பரத்தின் கீழே ‘எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை’ என்று ஒரு வரி சேருங்கள். கடைப் பெயரில் வேறு யாராவது விளம்பரம் போட்டு முன்பணம் பிடுங்கினால் உடனே போலீஸ் புகார், உங்கள் பக்கத்தில் ஒரு அறிவிப்பு. பணத்தைக் கொடுத்து ஏமாந்தவர் தாமதிக்காமல் 997க்கு அழைக்க வேண்டும்.

கேள்வி: டிக்டாக்கில் ஆடிப் பாடினால்தான் இளைஞர்கள் வேலைக்கு வருவார்களாமே?
வாசகர், சுங்கை டுவா

பதில்: என் இடுப்புக்கு அது ஆகாது. பலகாரம் பொரிப்பதை மகள் எடுத்துப் போட்டாள். நிறையப் பேர் பார்த்தார்கள், முறுக்கு விலை கேட்டார்கள். வேலை கேட்டவர் ஒருவர், அவரும் ஜொகூரில் இருந்தார்.

கேள்வி: அக்கா, புக்கிட் மெர்தாஜாமில் அச்சகம். நாங்கள் மொத்தமே மூன்று பேர். எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) முடித்த பதினேழு வயதுப் பையன் ஒருவன் முகநூல் பதிவைப் பார்த்து வந்தான். தொழில் பழகட்டும், மாதம் 600 வெள்ளி கைச்செலவுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். சின்னக் கடைக்குக் குறைந்தபட்சச் சம்பளம் இல்லை என்று நண்பர் சொன்னார்.
வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: நண்பர் சொன்னது பழைய செய்தி. ஐந்து பேருக்கு மேற்பட்ட இடங்களுக்கும் சரியாக ஐந்து பேர் உள்ள இடங்களுக்கும் 1,700 வெள்ளி 2025 பிப்ரவரி 1 முதல். உங்களைப் போன்ற சின்னக் கடைகளுக்கு ஆகஸ்ட் 1 வரை அவகாசம் கொடுத்திருந்தார்கள், அதுவும் முடிந்துவிட்டது. மணிக்கணக்கில் பார்த்தால் 8 வெள்ளி 72 சென். 600 வெள்ளிதான் முடியும் என்றால் அவ்வளவு நேரத்துக்கு மட்டும் கூப்பிடுங்கள், மாதம் 68 மணி நேரம் வரும். வாரத்தில் இரண்டு நாள் வரட்டும்.

பதினெட்டு நிறையாதவர்களுக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. நாளுக்கு ஏழு மணி நேரம்தான், தீபாவளி அட்டை அவசரம் என்று இரவு எட்டுக்கு மேல் நிறுத்தக் கூடாது. வெட்டும் இயந்திரத்தின் பக்கம் அவனை விடாதீர்கள். அப்பா அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். உங்கள் கடைக்கு முகநூல் பக்கம் நடத்த அவனைக் கேளுங்களேன், நீங்கள் அனுப்பிய படம் தலைகீழாக இருந்தது.

கேள்வி: எல்லோருக்கும் ஆள் தேட வழி சொல்கிறீர்கள். உங்களிடம் வேலை காலி இருக்கிறதா அக்கா? என் தங்கைக்குத்தான்.
வாசகி, செபராங் ஜெயா

பதில்: இருக்கிறது. பிறை, தொழிற்பேட்டைக்குப் பின்புறம். மரக்கறி நறுக்கவும் பொட்டலம் கட்டவும் ஒருவர். 1,850 வெள்ளி. காலை 5 முதல் மதியம் 1 வரை, இடையில் அரை மணி நேரம் ஓய்வு. செவ்வாய் விடுமுறை. தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் முந்தின வாரம் கூடுதல் நேரம் இருக்கும், அதற்குத் தனிக் கூலி. இபிஎஃப், சொக்சோ உண்டு. வெங்காயம் நிறைய. தங்கை எதில் வருவார் என்று குரல் பதிவில் சொல்லச் சொல்லுங்கள்.